தலைவர் நாற்காலியில் ஓர் அம்மா

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு நேரே வந்த அம்மாக்கள் நாலைந்து பேர், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் தீர்மானப் பதிவேட்டைத் திருப்பி வைத்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்கிறார். தீர்மானம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. டீ வருகிறது, கூட்டம் முடிகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் கூட்டம் இன்னும் இப்படித்தான் நடக்கிறது.

கையெழுத்துப் போட்ட அந்த அம்மாதான் குழுவின் தலைவர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, அரசுப் பள்ளிகள் அனைத்திலும் இப்படியொரு குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். சரிபாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் இவர்கள் பொறுப்பு. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தது பள்ளிக் கல்வித் துறை. தலைவராக ஒரு தாய்தான் வர வேண்டும் என்றும் விதித்தது. 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. ஏட்டளவில் இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

பின்தங்கிய பள்ளியை ஊரோடு சேர்ந்து தூக்கி நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதலில் கால் ஊன்றியது. அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். கூரை ஒழுகுகிறதா, உட்காரப் பலகை உண்டா, தண்ணீர்ப் பானை உண்டா என்று பள்ளிக்குப் பள்ளி தேவைப் பட்டியல் எழுதினார்கள். யார் எதைத் தருவது என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். நிலம் கொடுத்தவர்கள் உண்டு, கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. மதிய உணவுத் திட்டமும் அந்தக் காலத்தில் ஊராரின் பங்களிப்போடு நடந்ததுதான். பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடக்கும் நாளில் ஊரே திரண்டது. உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் தானே ஊர் தேடிப் போனதும், போன இடத்தில் பேச்சுக் கொடுத்ததும்தான் அதைச் சாத்தியமாக்கின என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அன்று ஊரிடம் பொருளைத்தான் கேட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் இன்னும் வாசிக்க வரவில்லை என்ற கேள்வி ஊர்க் கூட்டத்துக்கு வரவில்லை. இன்றைய சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைத் தாய்க்குத் தந்திருக்கிறது. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அந்தக் கேள்விதான் பல தலைமையாசிரியர்களுக்குச் சங்கடம். பெற்றோரைக் கேள்வி கேட்கப் பழக்கினால் புகார் எழுதக் கிளம்பிவிடுவார்கள், உள்ளூர் அரசியல் உள்ளே வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்க, இருக்கும் இருவர் ஐந்து வகுப்புகளைச் சமாளிக்கும் பள்ளியில் இந்தப் பயம் வருவது இயல்பே.

இதே பயத்தை 1968-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் எதிர்கொண்டவர் ஜேம்ஸ் கோமர். யேல் பல்கலைக்கழகக் குழந்தை மனநல மருத்துவர், கறுப்பினத்தவர், ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. நகரிலேயே கடைசி நிலையில் இருந்த இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். முதல் ஆண்டு குழப்பத்தில் போனது. பெற்றோர் கோபத்தோடு திரண்டார்கள். அதன் பிறகு தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோரும் சேர்ந்த நிர்வாகக் குழு உருவானது. யார் மேல் தப்பு என்று தேடக் கூடாது, பிரச்சினையைத்தான் பேச வேண்டும்; வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துவரும்வரை பேச வேண்டும் என்று விதி வைத்தார்கள். 1980-களின் நடுவில் அந்தத் திட்டம் நடந்த பள்ளிகள் நகரத் தேர்வு மதிப்பெண்களில் முன்வரிசைக்கு வந்திருந்தன. பதினைந்து ஆண்டுக்கு மேல் பொறுமையாக நடந்த வேலை அது.

நம் ஊரில் இதோடு சாதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலனியிலிருந்து வரும் ஓர் அம்மா தலைவரானால், ஊருக்குள் இருக்கும் சிலர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். 2023-இல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், பட்டியலினப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் பள்ளியில் காலை உணவைச் சாப்பிடாமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த சாதியா அது? வீட்டில் சொல்லிக் கொடுத்தது. மக்களவை உறுப்பினரும் அமைச்சரும் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெற்றோரை அரவணைப்பது என்றால் பெற்றோர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் தலைமையாசிரியர் பள்ளியையே விட்டுக்கொடுக்கிறார்.

கூட்டத்தை மாற்றுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடிகிற நேரத்துக்கு வைக்கலாம். வராதவர் வீட்டுக்கு ஆசிரியரே ஒருமுறை போய் வரலாம். பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல அல்ல, என்ன நன்றாகச் செய்கிறாள் என்று சொல்ல. நிதிக் கணக்கை உரக்க வாசித்துக் காட்டலாம், படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் புரியும்படி. பதிவேட்டில் தீர்மானத்தைக் கூட்டம் முடிந்த பிறகு எழுதலாம்.

பள்ளிக்கு மேலே இருக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. குழுக்களின் தீர்மானங்கள் இப்போது செயலியில் ஏற்றப்பட்டுத் துறைக்குப் போகின்றன. கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும் என்று ஒரு குழு மூன்று கூட்டங்களில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் பதில் வராவிட்டால், நான்காவது கூட்டத்துக்கு யார் வருவார்? வட்டாரக் கல்வி அலுவலர் அந்தப் பள்ளிக்கு நேரில் போய், முடிந்தால் எப்போது முடியும், முடியாது என்றால் ஏன் முடியாது என்று தலைவரான அந்த அம்மாவிடம், எல்லா உறுப்பினர்கள் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஆய்வுக்குப் போகும்போது தலைமையாசிரியர் அறைக்குப் போவதற்கு முன் அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.