எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: நலம் பெறும் வழியும் பின்தொடர் கவனிப்பும்

விடுதலைக்குப் பிந்திய பல பத்தாண்டுகளில் நம் நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டங்கள் பெரும்பாலும் உணவுப் பற்றாக்குறையைப் போக்குவதையே குறிக்கோளாகக் கொண்டிருந்தன. அக்குறிக்கோள் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. அதற்குள் அதற்கு நேர்மாறான மற்றொரு பிரச்சினையும் நம்மை வந்தடைந்துள்ளது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் 18.7 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள். 24 சதவீதத்தினரோ மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். 2015-16இல் இந்தப் பின்னைய விகிதம் 20.6 சதவீதமாக இருந்தது. ஆடவரிடையே இது 18.9 சதவீதத்திலிருந்து 22.9 சதவீதமாக உயர்ந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, நாட்டில் சுமார் 10.1 கோடி மக்கள் நீரிழிவு நோய்க்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டுள்ளது.

உடற்பருமனுக்கு முதல் மருந்து உணவு ஒழுங்கும் உடலுழைப்புமே என்பதில் ஐயமில்லை. 2025ஆம் ஆண்டில் பசியைத் தணிக்கும் புதிய ஊசி மருந்துகள் சிலவும் இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. எனினும், பருமன் மிக முற்றியவர்களுக்கு நீண்ட காலப் பயன் தருவதாக மெய்ப்பிக்கப்பட்ட முறை அறுவைச் சிகிச்சையாகும். தனியார் மருத்துவமனைகளில் மட்டுமன்றி, தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் போன்ற அரசு நிறுவனங்களிலும் இது செய்யப்படுகிறது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பயனைக் காக்கும் பணியோ வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது. பின்னதற்கு ஏற்பாடு இல்லையேல் முன்னதற்குச் செலவிட்ட பொருளும் உழைப்பும் பெருமளவு வீணாகும்.

யாருக்கு இச்சிகிச்சை?

ஒருவருடைய எடையைக் கிலோகிராமில் கணக்கிட்டு, அதனை மீட்டர் கணக்கிலான அவரது உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். ஐரோப்பியரை விடக் குறைந்த எடையிலேயே இந்தியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்து நீரிழிவும் இதய நோயும் தோன்றுகின்றன. எனவே, உலக அளவில் 30 என்ற குறியீட்டெண் பருமனின் தொடக்கமாகக் கொள்ளப்பட, நம்மவர்க்கு 25 என்பதே எல்லையாக வல்லுநர்களால் வகுக்கப்பட்டுள்ளது. 23க்குக் கீழ் இருத்தலே நலம்.

அறுவைக்கான வரம்பும் இவ்வாறே மாறுபடுகிறது. 1991இல் அமெரிக்க தேசிய நல நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், துணை நோய்கள் இருப்பின் 35க்கு மேற்பட்டவர்களுக்கும் அறுவை செய்யலாம் என்றது. 2009இல் இந்திய வல்லுநர்கள் இவ்வரம்பை முறையே 37.5 எனவும் 32.5 எனவும் குறைத்தனர். 2022இல் வெளியான பன்னாட்டு நெறிமுறைகள் மேலும் ஒரு படி சென்று, ஆசிய மக்களுக்கு 27.5 முதற்கொண்டே அறுவையைக் கருதிப் பார்க்கலாம் என்கின்றன.

இரைப்பையிலும் குடலிலும் நிகழ்வது என்ன?

இத்துறையின் வரலாறு ஓர் எச்சரிக்கையுடன் தொடங்குகிறது. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த மருத்துவர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு செல்லாதவாறு விலக்கிவைக்கும் அறுவையை வெளியிட்டனர். எடை விரைவாகக் குறைந்தது. ஆனால் நலம் கிட்டவில்லை. கடும் வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு, கல்லீரல் சிதைவு ஆகியன தோன்றவே அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. எடை குறைதல் வேறு, நலம் பெறுதல் வேறு என்பது அன்றே தெளிவாயிற்று.

இன்று வழக்கில் உள்ள முறைகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கினை அகற்றி, எஞ்சியதைக் குறுகிய குழாய் வடிவில் அமைப்பது. இரண்டாவது, 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த மாற்றுவழி அறுவையின் வளர்ச்சி பெற்ற வடிவம். இதில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் மட்டும் கொள்ளும் சிறு பை பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரே இணைக்கப்படுகிறது. இவ்விரண்டுமே இன்று வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகளின் வழியே நுண்கருவிகளைச் செலுத்திச் செய்யப்படுகின்றன.

உணவின் அளவு குறைவதனால் மட்டும் இச்சிகிச்சை பயன் தருவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் இரைப்பையில் சுரக்கிறது. சுரக்கும் பகுதியே அகற்றப்படும்போது பசி தணிகிறது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை விரைவில் சென்றடைவதால் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் மிகுந்து, இன்சுலின் சுரப்பை ஊக்குவிக்கிறது. எடை குறைவதற்கு முன்பே, அறுவை நடந்த சில நாட்களிலேயே, நீரிழிவு நோயாளரின் இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்குவதன் காரணம் இதுவே. இக்கட்டத்தில் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பயனும் அதன் எல்லையும்

ஒன்றரை மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவருடைய குறியீட்டெண் 40. அவர் உயரத்திற்கு உகந்த எடை சுமார் 52 கிலோ. ஆகவே மிகையாக உள்ளது 38 கிலோ. வெற்றிகரமான அறுவைக்குப் பின் மிகை எடையில் 60 முதல் 70 சதவீதம் வரை குறைவது இயல்பு. அதாவது, ஒன்றரை ஆண்டளவில் அவர் 63 முதல் 67 கிலோவுக்கு வரக்கூடும். இந்நிலையிலும் அளவுகோலின்படி அவர் பருமனானவரே! ஆயினும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் தணிந்து, மூட்டு வலி குறைந்து, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் தொல்லை நீங்கினால், சிகிச்சை வெற்றி பெற்றதாகவே கொள்ளல் வேண்டும். மெலிந்த தோற்றத்தை எதிர்பார்த்து வருபவர் ஏமாற்றமடைவதும், தொங்கும் தோலைக் கண்டு மனம் சோர்வதும் இவ்வுண்மையை முன்கூட்டியே அறியாமையால் விளைபவை.

நீண்ட காலப் பயனை அறிய, 1987இல் ஸ்வீடன் நாட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு பெரிதும் உதவுகிறது. அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவினரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு விகிதம் 29 சதவீதம் குறைவாக இருந்ததென 2007இல் வெளியான முடிவு காட்டியது. மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் உடல் எடையில் 32 சதவீதத்தை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாகக் குறைந்திருந்தது. பல்வகை அறுவை செய்துகொண்ட நீரிழிவு நோயாளரில் இரண்டாம் ஆண்டில் 72 சதவீதத்தினர் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். பத்தாம் ஆண்டில் இது 36 சதவீதமாயிற்று. பயன் பெரிது, ஆனால் தானாக நிலைத்திருப்பதன்று என்பதே இவ்வெண்கள் உணர்த்தும் பாடம்.

இவ்வாய்வில் 25 அறுவைத் துறைகளுடன் 480 ஆரம்ப சுகாதார நிலையங்களும் பங்கேற்றன என்பது நம் அதிகாரிகள் கருத்திற் கொள்ளத்தக்கது. கத்தி பிடித்த கைகள் சில; பின்தொடர்ந்து கவனித்த கண்கள் பல.

முதலாண்டு

அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களுக்கு நீர்மமான உணவு, அடுத்து மசித்த உணவு, பின்னர் மென்மையான உணவு என்னும் வரிசையிலேயே வழக்கமான உணவுக்குத் திரும்ப வேண்டும். சிறிதளவாக, நன்கு மென்று, மெதுவாக உண்ண வேண்டும். உணவுடன் நீர் அருந்தாமல் அரை மணி நேரம் இடைவெளி விடுதல் நலம். நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம் தேவை. இன்றேல் கொழுப்புடன் தசையும் கரையும். பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றைச் சோற்றுக்கும் ரொட்டிக்கும் முன்னதாக உண்ணும் பழக்கம் இதற்கு உதவும். இனிப்பு மிகுந்த பண்டங்களை உண்டால், உணவு குடலுக்குள் விரைந்து இறங்கிப் படபடப்பு, வியர்வை, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கும்.

மூன்றாம் மாதமளவில் முடி உதிர்வது பலருக்கு நேர்வதே. பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். விரைவான எடைக் குறைவினால் பித்தப்பையில் கற்கள் தோன்றலாம். எடை குறையும்போது பெண்களின் கருவுறும் திறன் மீள்வதுண்டு. எனினும் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு. மது விரைவில் இரத்தத்தில் கலந்து அடிமைப்படுத்தும் ஆபத்தும் உண்டு.

இக்காலத்தில் முதல்நிலை மருத்துவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் அபாயம் உளது. பல நாட்கள் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு வைட்டமின் பி1 குன்றி, கண் அசைவும் நடையும் தடுமாறி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். சோர்ந்து வரும் அவருக்கு வழக்கம்போல் குளுக்கோஸ் நீரை மட்டும் ஏற்றினால் கேடு விரைவுபடும். பி1 வைட்டமினை முதலில் செலுத்துவதே முறை.

இந்தியச் சூழ்நிலை

இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் சிறுகுடலின் முதற்பகுதியில் உட்கொள்ளப்படுகின்றன. மாற்றுவழி அறுவையில் அப்பகுதியே விலக்கப்படுகிறது. வைட்டமின் பி12 உடலிற் சேர இரைப்பைச் சுரப்புகள் தேவை, அவையும் குறைந்துவிடுகின்றன. ஆதலால் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி12, டி முதலியவற்றை வாழ்நாள் முழுதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ பெற வேண்டியுள்ளது. இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளியில் உட்கொள்ள வேண்டும். தேநீருடன் இரும்பு மாத்திரையை உண்டால் பயன் குறையும். மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சாதாரண வலி நிவாரணி மாத்திரைகள் பல குடற்புண்ணை உண்டாக்குவதால் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

நம் நாட்டில் இப்பிரச்சினை இருமடங்கு கவனத்திற்குரியது. மேற்கூறிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது மகளிரில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். அறுவைக்கு வரும்போதே பலரிடம் கையிருப்பு குறைவு. சைவ உணவினரிடம் பி12 இயல்பாகவே குன்றியிருக்கும். நீரிழிவுக்கு நீண்ட காலம் மெட்பார்மின் உட்கொண்டவர்களிடமும் அவ்வாறே. இரத்தசோகை கண்ட பெண்ணுக்குத் துணை சுகாதார நிலையத்தில் கிடைப்பது இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. பிறருக்கு இது அருமருந்து. ஆனால் பி12 குன்றியவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் அளித்தால், இரத்தம் சீரானதுபோல் தோன்றும். நரம்புகளின் சிதைவோ மறைவாகத் தொடரும். அவர் அறுவை செய்துகொண்டவர் என்பதை மாத்திரை தருபவர் அறியாவிடில் இப்பிழை நேர்வது எளிது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தாய்மொழியில் ஒரு கையேடு வழங்கப்பட வேண்டும். செய்யப்பட்ட அறுவையின் வகை, நாள், உட்கொள்ள வேண்டிய சத்துகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள், பரிசோதனைக் காலங்கள் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். தாய்சேய் நல அட்டை ஊர்தோறும் புழங்கும் நாட்டில் இது அரியதோர் ஏற்பாடன்று.

இரண்டாவதாக, பின்தொடர் கவனிப்பை மாவட்ட அளவிற்குக் கொண்டுவர வேண்டும். 2010இல் தொடங்கி, 2023இல் பெயர் மாற்றம் பெற்ற தொற்றா நோய்த் தடுப்புத் தேசியத் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளிலும் சமுதாய நல மையங்களிலும் சிறப்பு மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் இடுப்புச் சுற்றளவை அளந்து பதிவு செய்கின்றனர். இவ்வமைப்பிலேயே ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை, எடை, மனநிலை ஆகியவற்றைக் கவனிக்கும் கடமையையும் சேர்க்கலாம். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலரிடம் தோன்றுவதால் மனநலக் கவனிப்பு இன்றியமையாதது.

மூன்றாவதாக, காப்பீட்டு விதிகளை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019இல் வகுத்த வாசகத்தின்படி, குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருத்தல் வேண்டும்; இதயநோய், கட்டுப்படாத நீரிழிவு போன்ற கடும் துணை நோய்கள் இருப்பின் 35 போதும். மேற்கண்ட பெண்மணியின் எடை 75 கிலோவாக இருந்து, கட்டுப்படாத நீரிழிவும் இருப்பதாகக் கொள்வோம். குறியீட்டெண் 33.3. இந்திய வல்லுநர்களின் வரம்புப்படி அவர் அறுவைக்கு உரியவர்; இவ்வாசகப்படி காப்பீட்டுக்கு உரியவரல்லர். அறுவைக்குச் செலவை ஏற்கும் எத்திட்டமும் பின்னர்த் தேவைப்படும் பரிசோதனைகளையும் சத்து மாத்திரைகளையும் சேர்த்தே கணக்கிடுவதுதான் முறையாகும். மாத்திரை வாங்க இயலாத ஒருவருக்கு இலவச அறுவை முழு நன்மையாகாது.

முடிவுரை

ஒரு நாட்டின் பருமனை அறுவைக் கூடத்தில் குறைத்துவிட இயலாது. அப்பணி பள்ளி உணவிலும், விளையாட்டுத் திடலிலும், எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றின் அளவான நுகர்விலும்தான் நடைபெற வேண்டும். ஆயினும், நோய் முற்றி அறுவையை நாடுவோருக்கு அரசும் சமுதாயமும் ஆற்ற வேண்டிய கடமை தனியானது. எத்தனை அறுவைகள் செய்யப்பட்டன என்று கணக்கெடுப்பது எளிது. பத்தாண்டுகளுக்குப் பின் அவர்களில் எத்தனை பேர் நலமாக நடமாடுகின்றனர் என்று கணக்கெடுக்கத் தொடங்கும் நாளில்தான் இச்சிகிச்சை முழுமை பெற்றதாகும்.