ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஜிபிஎஸ் ஏன் தடுமாறுகிறது?

மேப்பில் உங்களைக் காட்டும் நீலப்புள்ளி திடீரென பக்கத்துத் தெருவுக்குத் தாவினால், பெரும்பாலும் உயரமான கட்டடங்கள்தான் காரணம். ஆனால் திறந்த வெளியில், பொழுது சாய்ந்த பிறகு தடுமாறினால்? கொஞ்சம் மேலே பார்க்கணும். ரொம்பவே மேலே.

தரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் உயரத்தில் அயனமண்டலம் தொடங்குகிறது. சூரியனின் புற ஊதா, எக்ஸ் கதிர்கள் அங்குள்ள வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் இதைக் கடந்தே ஆகணும். எலெக்ட்ரான் கூட்டம் அதைத் தாமதப்படுத்தும். ஒரு நொடியில் பத்து கோடியில் ஒரு பங்கு தாமதித்தாலே 3 மீட்டர் பிழை.

இதில் இந்தியாவுக்கு ஒரு தனிச் சிக்கல். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது (1963-ல் ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தான்). பகலில் அந்தக் கோட்டின் மேல் எழும் எலெக்ட்ரான்கள் வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்கி அடர்ந்த பட்டைகளாகின்றன. வடக்குப் பட்டை ஆமதாபாத், கொல்கத்தா பக்கம்.

சூரியன் மறைந்ததும் கீழடுக்கு சீக்கிரம் கரைந்துவிடும், மேலடுக்கு நிற்கும். கனமானது மேலே, லேசானது கீழே, நிலைக்குமா? தண்ணீருக்கு அடியில் சிக்கிய எண்ணெய் போல லேசான பகுதி குமிழ்களாக மேலே கிளம்புகிறது. இவைதான் பிளாஸ்மா குமிழ்கள். இவற்றின் வழியே வரும் சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுங்கும். சில சமயம் ரிசீவர் அதைத் தவறவே விட்டுவிடும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் இது அதிகம்.

தாமதத்துக்கு மருந்து உண்டு: இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டால் பிழையைப் பெருமளவு கழித்துவிடலாம். விமானங்களுக்கான நம்முடைய ககன் அமைப்பு, தரை நிலையங்களில் பிழையை அளந்து திருத்தம் அனுப்புகிறது. மினுங்கலுக்குத்தான் அவ்வளவு சுலபமான வழி இல்லை.

சூரிய வெடிப்பு வேறு ரகம். அதன் எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் வந்து, பகல் இருக்கும் பக்கத்தில் அயனமண்டலத்தின் அடிப்பகுதியைத் தடிமனாக்கும். கடல் தாண்டும் விமானங்களும் கப்பல்களும் நம்பும் சிற்றலை ரேடியோ அதில் உறிஞ்சப்பட்டு மௌனமாகும். எஃப்எம், மொபைல் அழைப்புகளுக்குப் பொதுவாக ஆபத்தில்லை.

2024 மே மாத சூரியப் புயலில் லடாக் வானம் சிவந்த படங்களை நீங்களும் ஷேர் செய்திருப்பீர்கள். அதே நாட்களில் அமெரிக்காவில், விதைப்பு உச்சத்தில், ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்களை விவசாயிகள் வயலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.