நரம்பில் ஓடும் உப்பு



சூடான பாத்திரத்தில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொள்கின்றீர்கள். அச்செய்தியை நரம்பு மின்சாரமாகக் கொண்டு செல்கின்றது என்று நாம் வகுப்பிற் கூறியபோது, "கம்பியில் ஓடுவது போலவா, சேர்?" என்று ஒரு மாணவி வினவினாள். மணி அடித்துவிட்டமையால் அன்று கூறாத விடையை இங்கே எழுதுகின்றோம்.

கம்பியில் ஓடுவன இலத்திரன்கள். நரம்பில் அசைவன அயன்கள். அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள். நரம்புக்கலத்தின் உள்ளே பொற்றாசியம் அயன்கள் மிகுதி. வெளியே, கடல்நீரிற் போல, சோடியம் அயன்கள் மிகுதி. இவ்வேறுபாட்டைக் காப்பதற்கு மென்சவ்விலுள்ள பம்பி ஓயாது உழைத்து, மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொற்றாசியத்தை உள்ளெடுக்கின்றது. பொற்றாசியம் சிறிது வெளியே கசிவதால், ஓய்விலிருக்கும் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையாக உள்ளது.

தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள சோடிய வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, உட்புறம் நேராகின்றது. ஏறத்தாழ ஆயிரத்திலொரு செக்கனில் அவ்வாயில்கள் அடைபடுகின்றன. பொற்றாசியம் வெளியேறப் பழைய நிலை மீள்கின்றது. அதற்குள் இம்மாற்றம் பக்கத்து வாயில்களைத் திறந்துவிடும். எந்த ஓர் அயனும் நரம்பின் முடிவுவரை ஓடுவதில்லை, செய்திதான் ஓடுகின்றது. பல் வைத்தியர் ஏற்றும் விறைப்பூசி அடைப்பது இச்சோடிய வாயில்களையே.

இதனைக் கற்பித்தது நாம் கறி சமைக்கும் கணவாய். அதன் உடலில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள நரம்பிழை உண்டு. 1939 ஓகஸ்ற்றில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் அதனுள் நுண்ணிய மின்வாயைச் செலுத்தி அளந்தனர். உட்புறம் பூச்சியம் வரையே உயரும் என்று அக்காலத்தோர் எண்ணியிருந்தனர். அதுவோ பூச்சியத்தையும் கடந்து நேராயிற்று. ஏனென்று ஆராயுமுன், சில வாரங்களில் போர் மூண்டது. ஒருவர் ராடார் பணிக்கும் மற்றவர் பீரங்கி ஆய்வுக்கும் போயினர்.

வினா எட்டாண்டுகள் காத்துக் கிடந்தது. 1947இல் அதே பிளிமத்தில் ஹொட்ஜ்கினும் கட்ஸ் என்பவரும் சோடியம் குறைத்த கடல்நீரில் நரம்பிழையை இட்டு நோக்கினர். சோடியம் குறையக் குறைய மின்துடிப்பின் உயரமும் தாழ்ந்தது. உப்பே விடை! கட்ஸ் யேர்மனியிற் பிறந்த யூதர். 1935இல் அகதியாக இங்கிலாந்து வந்தவர். ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963இலும், கட்ஸ் 1970இலும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

2008இல் வன்னியில் உயர்தர வகுப்புக்கு இதே பாடத்தை நாம் நடத்திக்கொண்டிருந்தபோது இடம்பெயர நேர்ந்தது. சோடியம் உட்புகுந்ததோடு பாடம் நின்றது. அம்மாணவருள் இருவரின் பிள்ளைகள் இன்று எமது வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அப்பெற்றோர், பொற்றாசியம் வெளியேறும் பகுதியை மேலே வாசித்துக்கொள்வார்களாக.