இணையதளப் பூட்டுக்குக் காசு வேண்டாம்



கோவண்டியிலும் செம்பூரிலும் நம்மவர் நடத்தும் சங்கம், டியூஷன் வகுப்பு, மசாலாக் கடை என எல்லாவற்றுக்கும் இன்று இணையதளம் வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அண்மைக் காலமாக என்னைச் சந்திப்போர் பலர் கேட்பது ஒன்றே: "அண்ணே, நம்ம தளத்தைத் திறந்தா 'பாதுகாப்பற்றது'ன்னு வருது. சான்றிதழுக்கு வருஷா வருஷம் மூவாயிரம் கேக்கிறாங்க. கொடுக்கணுமா?"

வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சான்றிதழ் இல்லாத தளம் அஞ்சலட்டை மாதிரி. வழியில் இருப்பவர் எவரும் படிக்கலாம். வரன் பதிவுக்காக ஒரு தகப்பனார் எழுதும் மகளின் பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் அப்படித்தான் போகும். சான்றிதழ் இருந்தால் அது ஒட்டிய உறை. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, உறையில்லாத எல்லாத் தளங்களையும் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது.

இந்தச் சான்றிதழை இலவசமாகத் தருவது 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள லாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்று இதை நடத்துகிறது. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2020 பிப்ரவரிக்குள் நூறு கோடி சான்றிதழ்கள் வழங்கியாயிற்று. தமிழ் எழுத்தில் அமைந்த தளப் பெயர்களுக்கும் கிடைக்கும்.

நம்மில் பெரும்பாலோரின் தளம் பகிர்வு சர்வரில்தான் இருக்கிறது. ஒரே சாலில் பல குடித்தனங்கள் போல, ஒரே சர்வரில் பல தளங்கள். முன்பு பூட்டு வேண்டுமென்றால் தளத்துக்குத் தனி ஐ.பி. முகவரி வாங்க வேண்டியிருந்தது. இப்போது கட்டடத்துக்கு ஒரே முகவரி இருந்தாலும் அறைக்கு அறை தனிப் பூட்டுப் போடலாம்.

செய்முறை எளிது. சி-பேனல் உள்ளவர்கள் அதில் 'எஸ்.எஸ்.எல். ஸ்டேட்டஸ்' பகுதிக்குப் போய் 'ரன் ஆட்டோ எஸ்.எஸ்.எல்.' என்பதை அழுத்துங்கள். உங்கள் சர்வர்காரர் ஏற்பாடு செய்துள்ள இலவசச் சான்றிதழ் வந்துவிடும். வரவில்லையென்றால், தளப் பெயர் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சான்றிதழ் வந்தபின் 'டொமைன்ஸ்' பக்கத்தில் 'ஃபோர்ஸ் எச்.டி.டி.பி.எஸ்.' என்பதையும் இயக்குங்கள். இல்லையேல் பழைய முகவரியில் வருவோர் பூட்டில்லாத வாசல் வழியாகவே நுழைவார்கள். இந்த வசதியே தராத சர்வர்காரரானால், ஆண்டுச் சந்தா முடிந்ததும் வேறிடம் பார்ப்பது நல்லது.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுளை 90 நாள் என்றே தொடங்கினார்கள். வரும் ஆண்டுகளில் அது இன்னும் குறைய இருக்கிறது. ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு அவசியம். மாதம் ஒருமுறை தளத்தைத் திறந்து முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சான்றிதழ் உறுதி செய்வது முகவரியைத்தான், ஆளின் நாணயத்தை அல்ல. மோசடிக்காரனும் இதே சான்றிதழை இலவசமாகப் பெறலாம். பூட்டுச் சின்னத்தைப் பார்த்து மக்கள் ஏமாந்ததால்தான் 2023இல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. வங்கியின் பெயரில் வரும் இணைப்பைத் தொடுமுன், முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மிச்சமாகும் மூவாயிரத்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கலாமே!