மறைசெட்டை வண்டுகள்: ஒரு பெருங்குலத்தின் கதை

பிக்கரிங்கில் எங்கள் வீட்டுப் பின்வளவில் சமையற் கழிவுகளைப் போட்டு உரமாக்கும் தொட்டி ஒன்று இருக்கிறது. கோடைக்காலத்தில் ஒருநாள் அதன் அடியில் கிடந்த பலகையைத் தூக்கிய என் பேரன், "அப்பப்பா, ஸ்கோர்ப்பியன்!" என்று கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். போய்ப் பார்த்தேன். ஒரு விரற்கணு நீளமான கருநிறப் பூச்சி. வாலைத் தேள்போல மேலே வளைத்து, தாடைகளை விரித்து, எங்கள் இருவரையும் எதிர்த்து நின்றது. ஒண்டாரியோவில் தேள் இல்லை. இது கடுக்குமே தவிரக் கொட்டாது. கொட்டுவதற்கு அதனிடம் கொடுக்கும் கிடையாது.

பேரன் சப்பாத்தைக் கழற்றினான். நான் தடுத்தேன். ஏனென்று கேட்டான். அந்தக் கேள்விக்கான பதிலை அறுபது ஆண்டுகள் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கம் எங்களுக்குச் சிறிது வயல் இருந்தது. இரணைமடுக் குளத்து நீரில் விளைந்த நெல். அறுவடைக் காலத்தில் குடும்பமாகப் போய் வாடியில் தங்குவோம். இரவில் அரிக்கன் லாம்பைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும். ஒருநாள் கழுத்தில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கத் தூக்கக் கலக்கத்தில் கையால் தேய்த்துவிட்டுப் படுத்தேன். அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் சவுக்கால் அடித்ததுபோல ஒரு செந்தடிப்பு; அதன்மேல் கொப்புளங்கள்; தாங்கமுடியாத எரிவு. "சிலந்தி எச்சம் பட்டிருக்கு" என்றார் அம்மம்மா. அன்றிலிருந்து பல ஆண்டுகள், கண்ணில் பட்ட சிலந்திகளையெல்லாம் அடித்துக் கொன்றேன். கனடாவுக்கு வந்து வெகுகாலம் கழித்து ஒரு பூச்சியியல் நூலில் நெல்வயல் வண்டு ஒன்றின் படத்தைப் பார்த்தபோதுதான் குற்றவாளி யாரென்று தெரிந்தது. சிலந்திகள் பாவம்.

அந்த வண்டும், பேரன் கொல்லப் போன வண்டும் ஒரே குலத்தவை. ஆங்கிலத்தில் 'ரோவ் பீட்டில்' என்பார்கள். அலைந்து திரியும் வண்டு என்று பொருள். அறிவியற்பெயர் ஸ்டஃபிலினிடே.

எத்தனை பெரிய குலம்?

இன்றுவரை அறிவியல் பெயரிட்டு விவரித்த மறைசெட்டை வண்டினங்கள் 66,000க்கும் அதிகம். (இந்தத் தமிழ்ப்பெயர் நான் வைத்துக்கொண்டது, காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.) விலங்குலகில் இதைவிடப் பெரிய குடும்பம் வேறில்லை. மூக்குவண்டுகளின் குடும்பமே பெரிது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அந்த முதலிடம் இப்போது கைமாறிவிட்டது. ஒப்பிட்டுப் பாருங்கள்: மீன், தவளை, பாம்பு, பறவை, பாலூட்டி என்று முதுகெலும்புள்ள எல்லா உயிரினங்களையும் சேர்த்தாற்கூட ஏறக்குறைய 70,000 முதல் 75,000 இனங்கள்தாம். அதற்கு மிக அண்மையில் வந்து நிற்கிறது ஒரே ஒரு வண்டுக் குடும்பம். கனடாவில் மட்டும் 1,500க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

இவ்வளவு பெரிய கூட்டம் நம் கண்ணில் ஏன் படுவதில்லை? பெரும்பாலானவை ஒரு நெல்மணியைவிடச் சிறியவை. உதிர்ந்த இலைகளின் அடியிலும், சாணத்திலும், காளானிலும், அழுகும் பிணத்திலும், மரப்பட்டையின் கீழும், எறும்புப் புற்றிலும் வாழ்பவை. பெரும்பாலானவை வேட்டைக்காரர்கள். ஈப்புழு, பேன், சிலந்திப்பேன், நூற்புழு என்று அகப்பட்டதைத் தின்பவை. காளானின் வித்துகளையும் பாசியையும் தின்று வாழ்பவையும் உண்டு.

செட்டையை மறைக்கும் வித்தை

வண்டுகளுக்கு இரண்டு சோடிச் செட்டைகள். முன்சோடி தடித்து ஓடுபோலாகி முதுகை மூடிக்கொள்ளும். மெல்லிய பின்சோடிதான் பறக்கும். பொன்வண்டைப் பிடித்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். நம்முடைய வண்டில் அந்த ஓடு மிகவும் குட்டையானது. சட்டை நெஞ்சோடு நின்றுவிட வயிறு முழுவதும் வெளியே தெரிவது போன்ற தோற்றம். அதனால் உடலை எப்பக்கமும் வளைக்கலாம். எந்த இடுக்கிலும் நுழையலாம். தோட்டத்தில் இதைப் பார்ப்பவர்கள் இடுக்கிவால் பூச்சி என்று நினைப்பதுண்டு. வால்முனையில் குறடுபோன்ற உறுப்பு இருந்தால் அது இடுக்கிவால் பூச்சி. இல்லாவிட்டால் நம்மவர்.

ஓடு குட்டை என்றால் பறக்கும் செட்டையும் குட்டையா? இல்லை. முழு நீளமான செட்டைகள் அந்தச் சிறிய ஓட்டின் கீழ் பலமடிப்புகளாக மடிந்து கிடக்கின்றன. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியால் இதைப் படம்பிடித்தார்கள். இடச்செட்டையும் வலச்செட்டையும் ஒரே விதமாக மடிவதில்லை. இரண்டுக்கும் வேறுவேறு மடிப்புக்கோலம். வயிற்றை வளைத்துத் தள்ளித் தள்ளி மடித்துக்கொள்ளும் வண்டு, ஆபத்து வந்தால் கணப்பொழுதில் விரித்துப் பறந்துவிடும்.

ஜெர்மானியர் இவற்றைக் 'குறுஞ்சிறகி' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். ஜப்பானியர் சொல்லும் 'ஹனேககுஷி', சீனர் சொல்லும் 'யின்ச்சிச்சொங்' ஆகிய இரண்டுக்கும் சிறகை மறைப்பது என்றே பொருள். சிறகு குறுகியதல்ல, மறைந்திருக்கிறது என்பதை ஜப்பானியரும் சீனரும் சரியாகக் கண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் சிறகைச் செட்டை என்போம். 'மறைசெட்டை வண்டு' என்று நான் எழுதுவது அதனால்தான். எங்கள் வாடியில் இதற்கென்று ஒரு பெயர் இருந்திருந்தால், பழி சிலந்திமேல் விழுந்திராது.

பெயர் வைத்தவர்கள்

1758இல் லின்னேயஸ் ஸ்டஃபிலினஸ் என்ற பேரினத்தை நிறுவினார். 1802இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரெயில் அதைக் குடும்பமாக்கினார். 1839-40இல் பெர்லினில் எரிக்சன் உலகின் மறைசெட்டை வண்டுகளை ஒரே நூலில் தொகுத்தார்.

நம் பக்கத்துக்கும் இதில் இடமுண்டு. இலங்கையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த நீட்னர் என்ற ஜெர்மானியர் ஓய்வு நேரத்தில் பூச்சி சேகரித்தார். அவர் அனுப்பியவற்றை ஆராய்ந்து, 1859இல் க்ராட்ஸ் என்பவர் இந்தியா, குறிப்பாக இலங்கை, மறைசெட்டை வண்டுகளைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். பின்னர் பிரித்தானியக் கடற்படையில் மருத்துவராக இருந்த மால்கம் கமரன், இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவற்றின் மறைசெட்டை வண்டுகளை 1930 முதல் 1939 வரை வெளிவந்த தொகுதிகளில் விவரித்தார். இன்றும் நம் நாட்டு வண்டு ஒன்றை இனங்காண முயல்பவர்கள் கமரனைப் புரட்டாமல் முடியாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகிறது. அந்த நூலுக்குப் பின் எத்தனை காடுகள் போயின என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

கனடாவில் ஒட்டாவாவின் தேசியப் பூச்சித் தொகுப்பில் பணியாற்றிய அலெஷ் ஸ்மெட்டானா, மில்டன் காம்ப்பெல் ஆகியோரின் உழைப்பு பெரிது. 2011இல் ஆடம் பிரங்கியும் உடனாய்வாளர்களும் கிழக்குக் கனடாவின் துணைக்குடும்பங்களையும், பெரிய உடல்கொண்ட ஒரு பிரிவின் இனங்களையும் அடையாளம் காணப் படங்களோடு கூடிய வழிகாட்டி வெளியிட்டார்கள். அதை வைத்துத்தான் என் உரத்தொட்டி விருந்தாளியை டாஸ்கியஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டேன். அதன் பூர்வீகம் ஐரோப்பா. மனிதரோடு கடல் கடந்து வந்து இங்கே குடியேறியது. அதை அறிந்தபோது கொஞ்சம் சொந்தம் கொண்டாடத் தோன்றியது உண்மை.

குலத்துக்குள் குலங்கள்

இந்தக் குடும்பத்தை முப்பதுக்கும் மேற்பட்ட துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அலியோகாரினே: மிகப் பெரியது, 16,000க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் மிகச் சிறியவை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியின் கீழ் அறுத்துப் பார்த்துத்தான் பல இனங்களை அடையாளம் காணமுடியும். எறும்புப் புற்றில் எறும்பின் உருவையும் வாசனையையும் பூண்டு, எறும்புகளிடமே உணவு வாங்கித் தின்னும் பேர்வழிகள் இதில் உண்டு. கண்ணாடிக்கூடத் தோட்டங்களில் பூச்சிகொல்லிக்குப் பதிலாக வாங்கிவிடப்படும் டலோஷியா வண்டும் இதைச் சேர்ந்ததே.

ஸ்டீனினே: நீர்க்கரையில் வாழ்பவை. பெரிய கண்கள். கீழுதட்டை ஈட்டிபோல் எறிந்து இரையை ஒட்டிப் பிடிப்பவை. நீரில் விழுந்தால் வால்முனையிலிருந்து ஒரு திரவத்தைக் கசியவிடும். அது நீர்ப்பரப்பின் இழுவிசையைக் குலைக்க, வண்டு படகுபோல் முன்னால் வழுக்கிச் செல்லும்.

ஸ்டஃபிலினினே: பெரிய உடல்கொண்ட வேட்டைக்காரர்கள். டாஸ்கியஸ் இதில் அடங்கும்.

பீடெரினே: என் கழுத்தைச் சுட்ட பீடெரஸ் இங்கேதான்.

இந்தப் பட்டியல் கல்லில் எழுதியதல்ல. செலஃபிடே என்ற குட்டி வண்டுகள் நூறாண்டுக்கு மேல் தனிக் குடும்பமாக வாழ்ந்தன. 1995இல் நியூட்டனும் தேயரும் உடலமைப்பை ஒப்பிட்டு, அவை இந்தக் குலத்தின் பிள்ளைகளே என்று காட்டினார்கள். 2009இல் எறும்புபோன்ற ஸ்கிட்மெனிடே வந்து சேர்ந்தது. 2020களில் மரபணு ஆய்வுகள், பிணந்தின்னி வண்டுகளான சில்ஃபிடேயையும் உள்ளே கொண்டுவந்துவிட்டன. இவற்றில் பலவற்றுக்கு ஓடு குட்டையானதே அல்ல. குட்டை ஓடு இருந்தால்தான் இந்தக் குலம் என்ற பழைய அடையாளம் இதனால் தளர்ந்தது. தோற்றத்தைவிட வழித்தோன்றலே உறவைத் தீர்மானிக்கிறது என்பதே இன்றைய வகைப்பாட்டின் அடிப்படை.

நஞ்சும் நன்மையும்

மீண்டும் வாடிக்கு வருவோம். பீடெரஸ் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவானது. கறுப்புத் தலை, செம்மஞ்சள் உடல், நீலப் பளபளப்புள்ள குட்டை ஓடு, கறுப்பு வால்முனை. அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை, எச்சமும் இடுவதில்லை. அதன் உடற்திரவத்தில் பீடெரின் என்ற நஞ்சு இருக்கிறது. நாம் நசுக்கினால் மட்டுமே அது தோலில் படும். உயிரணுக்கள் புரதம் ஆக்குவதை அது தடுக்கிறது. விளைவு தெரிய ஒருநாளோ இரண்டு நாளோ ஆகும். அதனால்தான் யாரும் வண்டைச் சந்தேகிப்பதில்லை. தேய்த்த திசையிலேயே தடிப்பு கோடாக எழும். முழங்கை மடிப்பில் பட்டால், மடியும் மறுபக்கத்திலும் அச்சுப்போல் விழும். 1997இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை ஒன்று இலங்கையின் புறநகர் மருத்துவமனை ஒன்றில் பலருக்கும் இது ஏற்பட்டதைப் பதிவுசெய்தது.

இன்னொரு வியப்பு: நஞ்சை ஆக்குவது வண்டு அல்ல, அதனுள் வாழும் ஒரு பற்றீரியா என்று 2002இல் ஜெர்மானிய ஆய்வாளர் யோர்ன் பீல் காட்டினார். இதை ஒத்த பொருட்கள் கடற்பஞ்சுகளிலும் கிடைக்கின்றன. உயிரணுப் பெருக்கத்தைத் தடுப்பதால் புற்றுநோய் ஆய்வாளர்கள் அவற்றைக் கவனிக்கிறார்கள்.

இந்த வண்டு வயலில் என்ன செய்கிறது? தமிழ்நாட்டில் புகையான் என்றும் ஈழத்தில் அறக்கொட்டியான் என்றும் சொல்லும் நெற்பூச்சியைத் தின்கிறது. விவசாயியின் சம்பளமில்லாத காவலாள். அறுவடையானதும் இருப்பிடம் இழந்து விளக்கைத் தேடி வருகிறது, நாம் நசுக்குகிறோம், அது நம்மைச் சுடுகிறது. செய்யவேண்டியது எளிது: உடலில் ஊர்ந்தால் ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

இவ்வளவையும் பேரனுக்குச் சொல்லவில்லை. "அது உன்ரை தோட்டத்தில் நத்தைகளையும் புழுக்களையும் பிடிக்கிற ஆள்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டான். வண்டு வாலைத் தாழ்த்திப் பலகையின் கீழ் போய்விட்டது.

அம்மம்மா இன்று இல்லை. இருந்திருந்தால், எச்சமிட்டது சிலந்தியல்ல என்று சொல்லியிருப்பேன். "அப்ப அதுக்கு என்ன பேர்?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு ஒரு தமிழ்ச்சொல்லோடு பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.