ஆளில்லாத் தீவுக்கு ராசாக்கள்

“அப்பா, நான் ஒரு நாடு தொடங்கலாமோ?”

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை என் பத்து வயது மகன் இப்படிக் கேட்டான். கையிலே மட்டையில் வெட்டிய கடவுச்சீட்டு. கொடியும் கீறி முடித்தாயிற்று. ராசா அவன்தான். தங்கச்சிக்கு மந்திரிப் பதவி. அதுவும் அவள் அழுத பிறகுதான் கிடைத்தது.

“தொடங்கலாம். ஆனா உனக்கு முந்தியே ஒருத்தர் தொடங்கிட்டார்” என்று ரெடோண்டாவின் கதையைச் சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

கரீபியன் கடலில், நெவிஸுக்கும் மொன்செராட்டுக்கும் நடுவே நிற்கிற ஒரு பாறைத் தீவு ரெடோண்டா. நீளம் ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். உயரமோ கிட்டத்தட்ட 300 மீட்டர். சுற்றிவரச் செங்குத்துப் பாறை, கரையிறங்கவே கஷ்டம். இன்று அது ஆன்டிகுவா பார்புடா நாட்டுக்குச் சொந்தம். அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

மொன்செராட்டில் மத்தேயு டவ்டி ஷீல் என்றொரு வியாபாரி இருந்தார். பல பெண்பிள்ளைகளுக்குப் பிறகு 1865இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தச் சந்தோஷத்தில், யாரும் உரிமை கோராமல் கிடந்த ரெடோண்டாவைத் தன் ராச்சியம் என்று அறிவித்தாராம். மகனுக்கு 15 வயதானபோது ஒரு பாதிரியாரைக் கொண்டு முடியும் சூட்டுவித்தாராம். இதற்கிடையில் தீவில் பறவை எச்சத்தை உரத்துக்காகத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். 1872இல் பிரிட்டன் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பட்டத்தை வைத்துக்கொள்ளலாம், கலகம் மட்டும் செய்யக்கூடாது என்று லண்டன் சொன்னதாகக் கதை.

அந்த மகன்தான் எம். பி. ஷீல். 1885இல் இங்கிலாந்துக்குப் போய் எழுத்தாளர் ஆனார். 1901இல் வந்த ‘தி பர்ப்பிள் கிளவுட்’ அவருடைய பேர்பெற்ற நாவல்.

“இது உண்மையா நடந்ததோ, இல்லாட்டி அவர் கதை விடுறாரோ?”

நல்ல கேள்வி. முடிசூட்டு விழாவைப் பற்றி ஷீல் ஊருக்குச் சொன்னது 1929இல். அதுவும் தன் புத்தகங்களை விற்பதற்கான ஒரு விளம்பரக் குறிப்பில். அவரே கட்டிய கதை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

மகனுக்கு நான் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. 1914இல், ஒரு சிறுமிக்கு எதிரான குற்றத்துக்காக ஷீல் சிறைக்குப் போனவர். அதை அவன் வளர்ந்த பிறகு சொல்வேன். ராசா என்றதும் நல்லவர் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

1947இல் ஷீல் இறந்தார். பட்டம் அவருடைய நண்பரான ஜான் காவ்ஸ்வொர்த் என்ற கவிஞருக்குப் போனது. தீவு இல்லாத ராசா வேறு என்ன செய்வார்? பட்டங்களை அள்ளிக் கொடுத்தார். டிலன் தாமஸ், ஹென்றி மில்லர், லாரன்ஸ் டரல் எல்லாரும் ரெடோண்டாவின் பிரபுக்கள் ஆனார்கள். பிறகு குடியும் வறுமையும் சேர, பட்டங்களைக் காசுக்கும் விற்றார். அதனால் ‘நான்தான் அடுத்த ராசா’ என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். 1970இல் அவர் இறந்தபோது ராச்சியத்தில் மிஞ்சியது அந்தச் சண்டைதான்.

அவருக்குப் பிறகு பட்டத்தை வைத்திருந்த ஜான் வின்-டைசன் என்ற பதிப்பாளர், 1997இல் அதை ஸ்பானிய நாவலாசிரியர் ஹாவியர் மரியாஸுக்குக் கொடுத்தார். காவ்ஸ்வொர்த்தைப் பற்றித் தன் நாவலில் எழுதியவர் மரியாஸ். அவர் ராச்சியத்தின் பெயரில் ஒரு பதிப்பகம் தொடங்கினார், ஒரு பரிசும் ஏற்படுத்தினார். 2001இல் முதல் பரிசு ஜே. எம். கூட்ஸிக்கு. சினிமா இயக்குநர்கள் கொப்போலாவும் அல்மொதோவாரும் பிரபுக்கள் ஆனார்கள். 2022இல் மரியாஸ் காலமானார்.

இந்த ராசாக்கள் யாருக்கும் தெரியாமல் உண்மையான தீவுக்கும் ஒரு கதை நடந்தது. மனிதர் கொண்டுவந்த எலிகளும் ஆடுகளும் செடிகொடிகளைத் தின்று தீவையே மொட்டையாக்கியிருந்தன. ஆன்டிகுவாவில் உள்ளவர்கள் வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து ஆடுகளை வேறிடத்துக்கு மாற்றி, ஆயிரக்கணக்கான எலிகளை ஒழித்தார்கள். 2018க்குள் தீவில் எலி இல்லை. இன்று அங்கே திரும்பவும் பச்சை. பறவைகளும் பல்லிகளும் பெருகிவிட்டன. 2023இல் தீவையும் சுற்றுக் கடலையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்தத் தகப்பன்தான். மகன் ஒருநாளும் வாழப்போகாத ஒரு நிலத்தை அவனுக்குக் கொடுத்த மனிதர். என் அப்பாவும் எனக்கு அப்படி ஒன்று தந்திருக்கிறார். ஊரில் எங்கட வளவு, கிணறு, மாமரங்கள். நான் அங்கே பிறக்கவில்லை. மாமரங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறும். ஒருக்கா ஐந்து, ஒருக்கா எட்டு. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவேன். இப்போது அதே மரங்களை என் பிள்ளைகளுக்கு நான் எண்ணிச் சொல்கிறேன். நானும் எட்டு என்றுதான் சொல்கிறேன். ஆனால் வெறும் பெருமையாக மட்டும் கொடுத்தால் காவ்ஸ்வொர்த்தின் பட்டம் மாதிரிப் போய்விடுமோ என்று ஒரு பயமும் இருக்கிறது.

அன்று பின்னேரம் மகன் தன் நாட்டின் வரைபடத்தைக் கீறினான். நடுவிலே ஒரு கிணறு.

“சுத்திவர எத்தனை மாமரம் கீற?”

“அப்பப்பாவுக்குப் போன் எடுத்துக் கேள்” என்றேன்.

எடுத்தான். ஒன்பதாம்.