இடம் மாறும் கோழிக்கூடு

நெசவாளர் இல்லமாயினும் உழவர் இல்லமாயினும், புழக்கடையில் சில கோழிகள் மேய்வது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவற்றால் கிடைக்கும் வருவாய் சிறிதே எனினும், அது பெரும்பாலும் இல்லத்தரசியின் கைப்பொருள். தறி ஓடாத வாரத்தில் கடைக்காரருக்குப் பதில் சொல்வதும், பிள்ளைகளின் சில்லறைத் தேவைகளை நிறைவேற்றுவதும் அப்பொருளே. ஆயினும் இந்தச் சிறு செல்வம் ஓர் இரவிலேயே அழியக்கூடியது. மரநாயோ கீரியோ கூட்டினுள் புகுந்துவிட்டால், பசிக்கு ஒன்றைக் கொல்வதோடு நிற்பதில்லை. அகப்பட்டவற்றையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுச் செல்லும். அதற்குத் தப்பியவற்றைக் கழிச்சல் நோய் வாரிக்கொண்டு போவதும் உண்டு. இவ்விரு இழப்பையும் குறைத்து, கோழி எச்சத்தையும் நல்ல எருவாக்கித் தரும் எளிய சாதனம் ஒன்று உண்டு. அதுவே இடம் மாற்றி வைக்கத்தக்க கோழிக்கூடு.

கிடை தரும் பாடம்

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை கட்டுவதை யாவரும் அறிவோம். இன்றிரவு ஓரிடத்தில், நாளை இரவு அதனை அடுத்த இடத்தில் என்று பட்டியை மாற்றி நிறுத்துவதால் நிலம் முழுவதும் சீராக எருப் பெறுகிறது. ஆடுகளும் தம் கழிவின் மீதே நாட்கணக்கில் படுத்துக் கிடப்பதில்லை. இதே முறை கோழிக்கும் பொருந்தும். குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம் ஒருவகையில் நகரும் கூடேயாகும். நாம் செய்ய வேண்டுவது அதனைப் பெரிதாக்குவதே. அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜோயல் சாலட்டின் என்னும் உழவர், 10 அடிக்கு 12 அடி அளவும் 2 அடி உயரமும் உள்ள, அடித்தளமற்ற கூடுகளைப் புல்வெளியில் நாள்தோறும் நகர்த்திக் கோழி வளர்த்தார். அம்முறையை 1993ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். நாம் அவ்வளவு பெரிய கூட்டுக்குப் போக வேண்டியதில்லை.

நிலைக்கூட்டின் தீங்கு

ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் கூட்டின் தரையில் எச்சமும் ஈரமும் சேர்கின்றன. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் வெப்பமும் கூடிய மண்ணில் ஓரிரு நாட்களில் தொற்றும் வலிமை பெறுகின்றன. பிறகு பல மாதங்கள் அழியாமல் இருக்கவும் வல்லவை. இளங்குஞ்சுகள் அம்மண்ணைக் கொத்தும்போது நோய் பற்றுகிறது. அவை வலிமை பெறும் முன்னரே கூட்டை அடுத்த இடத்திற்கு மாற்றிவிட்டால், நோயின் சங்கிலி பெரிதும் அறுபடுகிறது.

அளவும் பொருள்களும்

8 பெட்டைகளும் 1 சேவலும் கொண்ட சிறு கூட்டத்திற்கு, கூரைவீட்டின் முகடு போன்ற முக்கோண வடிவம் ஏற்றது. இதற்கு மரம் குறைவாகவே தேவை; மழைநீரும் தேங்காது. அடிநீளம் 8 அடி, அடியகலம் 5 அடி, இருபுறச் சரிவு 4½ அடி என வைத்தால் நடு உயரம் ஏறக்குறைய 3¾ அடி வரும். நீளத்தில் 3 அடியை இரவு அறையாகவும், எஞ்சிய 5 அடியைக் காற்றாடும் முற்றமாகவும் பிரித்துக்கொள்ளலாம்.

சட்டத்திற்கு 2 அங்குலக் கனமுள்ள சவுக்குக் கழிகள் போதும். பழுதுபட்ட தறியின் மரங்கள் வீட்டில் இருப்பின் அவற்றையும் பயன்படுத்தலாம். மூங்கிலாயின் சில வாரம் நீரில் ஊறவைத்து உலர்த்தியபின் பயன்படுத்துக, உளுத்துப்போவது குறையும். வலை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்த்தல் ஆகாது. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையை நாய் எளிதில் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் வலையே தக்கது. அது பாம்பையும் பெரும்பாலும் தடுக்கும். சேதாரம் நீங்கலாகச் சுமார் 120 சதுர அடி வலை வேண்டும்.

கட்டும் முறை

முதலில் தரைச்சட்டத்தை அமைக்கவும். நீளக் கழிகள் இரண்டும் 9 அடி இருக்கட்டும். முற்றத்தின் பக்கம் நீண்டிருக்கும் 1 அடி, தூக்குவதற்குப் பிடியாக உதவும். முன்முனை, பின்முனை, இரவு அறையின் எல்லை ஆகிய மூன்று இடங்களில் முக்கோணங்களை நிறுத்தி, முகட்டுக் கழியால் இணைத்துப் போல்ட் இட்டு முடுக்குக. பின்னர் எல்லாப் பக்கமும் வலையைப் பொருத்துக. இரவு அறையின் மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்வது தகரத்தைவிடக் குளிர்ச்சி. ஆனால் கீற்றை மட்டும் நம்பலாகாது. அதன் அடியிலும் வலை இருத்தல் வேண்டும்.

இரவு அறையின் தளம் தரையிலிருந்து 1 அடி உயரத்தில் இருக்கட்டும். 1 அங்குல அகல மூங்கிற் பட்டிகளை முக்கால் அங்குல இடைவெளி விட்டுப் பரப்பினால் எச்சம் கீழே நிலத்தில் விழும். தளத்திற்கு அரை அடி மேலே, 1 அடி இடைவெளியில், 3 அடி நீளமுள்ள இரு கழிகளை அமைத்தால் ஒவ்வொரு கோழிக்கும் 8 அங்குல அமரும் இடம் கிடைக்கும். ஏறி இறங்க ஒரு சாய்பலகையும், இரவில் மூட மேலிருந்து இறங்கும் சிறு கதவும் வேண்டும். முட்டையிட, பின்புறத்தில் இரண்டு அறைகள் கொண்ட பெட்டியை வெளியே தொங்கவிட்டு மூடியிட்டால், கூட்டைத் திறவாமலே முட்டைகளை எடுக்கலாம்.

கீரியும் பெருச்சாளியும் சுவரோரமாகவே மண்ணைத் தோண்டும் இயல்புடையவை. ஆகவே தரைச்சட்டத்தைச் சுற்றிலும் 1 அடி அகல வலையை வெளிப்புறம் தரைமீது விரித்து, மேலே கல் வைத்துவிடுக. தோண்ட வரும் விலங்கு வலையைக் கண்டு அகன்றுவிடும். கூட்டை நகர்த்தும்போது இவ்வலையை மேலே மடித்துக் கட்டிக்கொள்ளலாம்.

பின்முனைக்குச் சற்று வெளியே, சிறுவர் சைக்கிளின் பழைய சக்கரங்கள் இரண்டை, அவற்றின் அடி தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிற்குமாறு பொருத்துக. முன்பிடிகளை ஆளுக்கு ஒன்றாக இருவர் தூக்கியவுடன் பாரம் சக்கரத்தின்மேல் இறங்கும். பெண்கள் இருவரே இழுத்துச் செல்லலாம்.

நகர்த்தும் முறை

கூட்டின் அடிப்பரப்பு 40 சதுர அடி. 1 சென்ட் நிலம் 435.6 சதுர அடியாதலின், அதில் 10 இடங்களில் கூட்டை நிறுத்தலாம். வறண்ட காலத்தில் ஓரிடத்தில் 2 நாள் எனக் கொண்டால், 3 சென்ட் நிலமுள்ளவர் 60 நாள் சென்றபின்னரே முதலிடத்திற்குத் திரும்புவார். மழைக்காலத்தில் நாள்தோறும் மாற்றுதல் நலம்.

புதுக்கூட்டில் முதல் மூன்று நாட்கள் தீனியும் தண்ணீரும் வைத்துக் கோழிகளை அடைத்தே வைத்தால், அதுவே தம் இடமென்று பழகிக்கொள்ளும். கோழிகளைத் திறந்துவிட்ட பிறகு, காலையில்தான் நகர்த்த வேண்டும். அதுவும் ஒரு கூட்டின் நீளத்திற்கு மேல் வேண்டாம். மாலையில் தொலைவாக நகர்த்தினால், அவை பழைய இடத்தையே தேடிச் சென்று இருளில் நிற்கும்.

வெயிற்காலத்தில் மரநிழலில் நிறுத்துக. ஆனால் காய்க்கும் தென்னையின் நேர் அடியில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பின்முனையை வடகிழக்கு நோக்கி வைத்து, நான்கு மூலைகளையும் முளையடித்துக் கட்டுக.

கூடு நகர்ந்த இடத்தில் உடனே கன்று நட்டால் பச்சை எருவின் காரத்தால் வேர் கருகக்கூடும். மண்ணைக் கொத்திவிட்டுச் சில வாரம் ஆறப்போடுவது நல்லது. பச்சையாக உண்ணும் வெள்ளரி, தக்காளி போன்றவற்றின் அறுவடைக்கு முன் 4 மாதங்களேனும் கழிதல் வேண்டும்.

நெசவுத் தெருவில்

தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடும் காலை வேளையில் கோழி குறுக்கே ஓடினால் இழை அறும். அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலும் வரும். கோழிகள் பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடுகின்றன. ஆகவே காலை 10 மணி வரை கூட்டின் முற்றத்திலேயே நிறுத்திவிட்டால், பாவும் பிழைக்கும். முட்டையும் வேலியோரத்தில் போகாமல் பெட்டியில் சேரும். நாள் முழுவதும் அடைக்க நேர்ந்தாலும், தலைக்கு 4 சதுர அடிக்குக் குறையாத இடம் இதில் உண்டு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தறிக்கொட்டகையில் சிதறும் நூல்துண்டு கோழியின் விரலில் சுற்றிக்கொண்டால், நாளடைவில் இறுகி விரலையே இழக்கச் செய்யும். விழுங்கினால் இரைப்பையை அடைக்கும். எனவே தறிப்பக்கம் கூட்டை நிறுத்தலாகாது.

கூடு மட்டும் போதாது

நகரும் கூடு எல்லா நோயையும் தடுக்கும் என்று கருதுதல் தவறு. கோழி உண்ணி பகலில் மரவெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் உறிஞ்சும். ஆதலால் கழிகளைப் பட்டை உரித்து, சுண்ணாம்பு அடித்து, அவ்வப்போது கூட்டைச் சாய்த்து வெயிலில் காயவிடுக.

வெள்ளைக்கழிச்சலோ இதனினும் கொடியது. 1920களின் இறுதியில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் இராணிக்கேட் நோய் எனவும் பெயர் பெற்ற இது, ஆள், பறவை, பாத்திரம் என எதன்வழியும் பரவும். இதற்குத் தடுப்பு மருந்து ஒன்றே காப்பு. குஞ்சின் 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்து செய்க.

சங்கம் செய்யக்கூடியது

இங்கேதான் கூட்டுறவின் பயன் தெளிவாகிறது. தடுப்பு மருந்துக் குப்பி 100 கோழிகளுக்கும் அதற்கு மேலும் போதும் அளவில் வருகிறது. கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். 9 கோழி உடையவர் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீண். ஒரு தெருவில் பத்து வீட்டார் ஒரே நாளைக் குறித்துக்கொண்டால் ஒரு குப்பி முற்றும் பயன்படும். அண்டை வீட்டிலிருந்து நோய் திரும்பி வரும் அச்சமும் குறையும். வலைச்சுருளும் அவ்வாறே; சுருளாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். சவுக்குக் கழியையும் கட்டாக வாங்கலாம்.

முதலில் சங்க வளாகத்தில் மாதிரிக் கூடு ஒன்றைக் கட்டி நிறுத்துதல் நன்று. அங்கத்தினரும் அவர்தம் இல்லத்தாரும் வந்து அளவெடுத்து, தூக்கிப் பார்த்து, தமக்கேற்ற மாறுதல்களைச் செய்துகொள்ளலாம். அடுத்த மழைக்காலத்திற்கு முன் தெருவுக்கு ஒரு கூடேனும் எழுமாயின், பல வீட்டுப் பெண்களின் கைப்பொருள் காக்கப்பட்டதாகும்.